ட்ரிப்பிள் நெகட்டிவ் மார்பகப் புற்றுநோய்: ஆய்வகத்தில் என்ன தேடுகிறார்கள்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

'எலியில் கட்டி கரைந்துவிட்டதாம், புது மருந்து வந்துவிட்டதாம்' என்று மாதத்துக்கு ஒரு செய்தியாவது வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. அனுப்புகிறவர்கள் நல்லெண்ணத்தில்தான் அனுப்புகிறார்கள். வீட்டில் ஒருவருக்கு நோய் இருக்கும்போது அதைப் படித்து ஏங்கிப்போகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் செய்திகளுக்குப் பின்னால் ஆய்வகத்தில் உண்மையில் என்ன வேலை நடக்கிறது என்று கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள் இவை. சிகிச்சை ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு உங்கள் மருத்துவர் இருக்கிறார்.

ரிப்போர்ட்டில் மூன்று இடத்திலும் 'நெகட்டிவ்' என்று இருக்கிறது. நல்ல சேதிதானே?

பலரும் முதலில் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள். வேறு எந்த டெஸ்ட்டிலும் நெகட்டிவ் வந்தால் நிம்மதிப் பெருமூச்சு விடுவோமே, அந்தப் பழக்கம். இங்கே பொருள் வேறு. பயாப்ஸியில் எடுத்த சதைத் துண்டுக்குச் சாயம் ஏற்றி, புற்றுசெல்களில் மூன்று புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள்: ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரான் ஏற்பி, ஹெர்-2. ரிப்போர்ட்டில் ஈஆர், பிஆர், ஹெர்-2 என்று சுருக்கி எழுதியிருக்கும். ஏற்பி என்பது ஹார்மோன் வந்து உட்காரும் இடம். ஹெர்-2 செல்லை வளரத் தூண்டும் இன்னொரு புரதம். இந்த மூன்றும் இல்லாத கட்டிக்குத்தான் ட்ரிப்பிள் நெகட்டிவ் என்று பெயர்.

மேலை நாடுகளில் 100 மார்பகப் புற்றுநோய்களில் 10 முதல் 15 வரை இந்த வகை. இந்திய மருத்துவமனைகளின் கணக்குகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகள் இங்கே கால் பங்குக்கும் மேல் என்கின்றன. நம் நாட்டில் இளம் வயதில் நோய் காணும் பெண்களின் விகிதம் அதிகம் என்பது அதற்கு ஒரு காரணம்.

அந்த மூன்றும் இல்லாவிட்டால் என்ன நஷ்டம்?

மருந்துக்குப் பிடி கிடைக்காது. இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1960களில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் கருத்தடை மாத்திரையாக ஒரு பொருளைத் தயாரித்தது. பெண்களிடம் அது கருத்தடைக்கு நேர்மாறாக வேலை செய்தது. கருமுட்டை வெளிவருவதையே தூண்டியது. குப்பைக்குப் போயிருக்க வேண்டிய அந்தப் பொருள்தான் டாமாக்சிஃபென். ஈஸ்ட்ரோஜன் உட்காரும் இடத்தில் இது போய் உட்கார்ந்துகொண்டு ஹார்மோனை வெளியே நிறுத்தும். 1977-ல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. இன்றும் ஊர் மருந்துக்கடையில் கிடைக்கும் மலிவான மாத்திரை அது.

அடுத்தது ஹெர்-2. சில கட்டிகளில் இதன் மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருப்பதையும், அந்தப் பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புவதையும் டென்னிஸ் ஸ்லேமன் குழு 1987-ல் காட்டியது. அந்தப் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியான டிராஸ்டுசுமாப் 1998-ல் வந்தது. அதுவரை மிக மோசமானது என்று பயந்த ஒரு வகை, சமாளிக்கக்கூடிய வகையாக மாறியது.

ட்ரிப்பிள் நெகட்டிவ்வில் இந்த இரண்டு பிடியும் கிடையாது. நீண்ட காலம் கீமோ ஒன்றே வழியாக இருந்தது. 'இல்லை, இல்லை, இல்லை' என்று பெயர் வைத்துவிட்டோம்; சரி, இந்தக் கட்டியில் இருப்பதுதான் என்ன? 'இலக்கு' என்று ஆய்வாளர்கள் சொல்வது அதைத்தான். புற்றுசெல் உயிரோடு இருக்க நம்பியிருப்பதும், நல்ல செல்லுக்கு அந்த அளவு தேவைப்படாததுமான ஒன்று.

இதை மூர்க்கமான வகை என்கிறார்களே, பிழைக்கவே முடியாதா?

அப்படி இல்லை. இது வேகமாக வளரும், நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவும் வாய்ப்பு கூடுதல், திரும்பி வந்தால் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் வரும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் ஐந்து ஆண்டு தாண்டிவிட்டால் திரும்பும் அபாயம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஹார்மோன் வகையோ 15, 20 ஆண்டு கழித்தும் தலைகாட்டும். வேகமாகப் பிரியும் செல்கள் என்பதால் கீமோவுக்கும் இது நன்றாகவே பணிகிறது. அறுவைக்கு முன் கொடுத்த கீமோவில் கட்டி முழுக்க மறைந்தவர்களின் வருங்காலம் நல்லபடியாகவே இருக்கிறது. சிக்கல், கீமோவுக்குப் பின்னும் மிச்சம் இருப்பவர்களுக்குத்தான்.

இது ஒரே நோய்தானா?

இல்லை, இதுதான் ஆய்வகங்களின் பெரிய தலைவலி. 2000-ல் சார்ல்ஸ் பெரூவும் கூட்டாளிகளும் எந்தெந்த மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று பார்த்து மார்பகக் கட்டிகளை வகை பிரித்தார்கள். ட்ரிப்பிள் நெகட்டிவ் கட்டிகளில் பெரும்பாலானவை 'பேசல்' (basal) என்ற கூட்டத்தில் விழுந்தன. 2011-ல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் குழு இந்த ஒரு பெயருக்குள்ளேயே ஆறு வகை இருப்பதாகச் சொன்னது. பிறகு அவர்களே அதை நான்காகக் குறைத்தார்கள். அதில் ஒன்று வேடிக்கையானது. பெண் ஹார்மோனுக்கு ஏற்பி இல்லாத அந்தக் கட்டிகள் ஆண் ஹார்மோனான ஆன்ட்ரோஜனுக்கு ஏற்பி வைத்திருக்கின்றன. ப்ராஸ்டேட் புற்றுநோய் மருந்துகளை இதில் முயன்று பார்த்ததில் சிலருக்குப் பலன் தெரிந்தது.

ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழக மருத்துவமனை இந்த உள்வகைகளுக்கு ஏற்ப ஆளுக்கொரு மருந்து கொடுத்து நோயாளிகளிடமே சோதித்துவருகிறது. என் பார்வையில் எதிர்காலம் அந்தப் பக்கம்தான். ஒரே பெயர் கொண்ட நாலு நோய்களுக்கு ஒரே மருந்தைக் கொடுத்துச் சராசரி பார்த்தால், நல்ல மருந்தும் தோற்றதாகத்தான் கணக்கு காட்டும்.

ஆய்வகத்தில் எதை வைத்துச் சோதிக்கிறார்கள்? நோயாளியின் கட்டியையா?

சில சமயம் ஆம். பெரும்பாலும் செல் வரிசைகளை. செல் வரிசை என்றால் ஒருவரின் கட்டியிலிருந்து எடுத்து, பிளாஸ்டிக் குடுவையில் முடிவில்லாமல் வளர்த்துக்கொண்டே போகும் செல்கள். ட்ரிப்பிள் நெகட்டிவ் ஆய்வில் அதிகம் புழங்குவது எம்.டி.ஏ-எம்.பி-231. ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் 1970களின் தொடக்கத்தில், 51 வயதுப் பெண் ஒருவரின் நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து எடுத்தது. உலகெங்கும் ஃப்ரீசர்களில் இன்றும் வாழ்கிறது.

ஆனால் அந்த 231-ல் கே-ராஸ், பி-ராஃப் என்ற இரண்டு மரபணுக்களும் பழுது. நிஜ நோயாளிகளின் ட்ரிப்பிள் நெகட்டிவ் கட்டிகளில் இந்தப் பழுதுகள் அபூர்வம். ஆக, அதிகம் ஆராயப்பட்ட 'மாதிரி' செல், மாதிரியே அல்ல. வளர்ப்பது சுலபம், எலியில் நன்றாகப் பரவும், எல்லோரிடமும் இருக்கிறது. அதனால் எல்லோரும் அதையே எடுக்கிறார்கள்.

இதைவிடக் கூத்து, அதன் அக்கம்பக்கத்து எண்ணான 435. மார்பகப் புற்றுசெல் என்று நம்பிப் பல்லாண்டு ஏராளமான கட்டுரைகள் அதை வைத்து எழுதினார்கள். 2000-ல் மரபணுச் செயல்பாட்டைப் பார்த்தபோது அது மெலனோமா என்ற தோல் புற்றுநோய் மாதிரி இருந்தது. தோண்டிப் பார்த்ததில் எம்-14 என்ற மெலனோமா செல்லோடு ஒத்துப்போனது. எப்போதோ ஒரு குடுவை கலந்திருக்கிறது. இன்று நல்ல ஆய்விதழ்கள் 'உன் செல் யார் என்று முதலில் நிரூபி' என்று கேட்பது இப்படிப்பட்ட அடிகளால்தான்.

அப்புறம் எலிகள். நோய் எதிர்ப்பு சக்தி இல்லாமல் வளர்த்த சுண்டெலிக்குள் நோயாளியின் கட்டித் துண்டையே நட்டு வளர்ப்பது ஒரு முறை. கட்டியின் குணம் பெரிதும் மாறாமல் இருக்கும். ஆனால் அந்த எலிக்கு எதிர்ப்பு சக்தி இல்லையே, எதிர்ப்பு சக்தியை வைத்தே நோயைத் தாக்கும் இம்யூனோதெரபியை அதில் எப்படிச் சோதிப்பது? அதற்கு 4டி1 என்ற எலியின் சொந்தப் புற்றுசெல்லை, எதிர்ப்பு சக்தி உள்ள எலியில் வைத்துப் பார்ப்பார்கள். அது எலி நோய், மனித நோய் அல்ல. எந்த மாதிரியை எடுத்தாலும் ஒரு பக்கம் இடிக்கும். இப்போது ஆர்கனாய்டு என்ற முறையும் சேர்ந்திருக்கிறது. நோயாளியின் செல்களை ஜெல்லுக்குள் குட்டிக் கட்டிகளாக உருண்டையாக வளர்க்கிறார்கள். நெதர்லாந்தின் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு 2018-ல் இப்படி 100-க்கும் மேற்பட்ட மார்பகப் புற்றுநோய் ஆர்கனாய்டுகளைச் சேகரித்து வெளியிட்டது.

புதிய இலக்கை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முன்பெல்லாம் ஒரு புரதத்தின் மேல் சந்தேகப்பட்டு அதையே பத்து வருடம் துரத்துவார்கள். இப்போது மரபணுவை வேண்டிய இடத்தில் வெட்டும் கருவியான கிரிஸ்பர் வந்துவிட்டது. கோடிக்கணக்கான புற்றுசெல்களில் ஒவ்வொன்றிலும் ஒரு மரபணுவை வெட்டிவிட்டு, சில வாரம் கழித்து யார் செத்தார், யார் பிழைத்தார் என்று எண்ணுகிறார்கள். எந்த மரபணு போனதும் செல் சாகிறதோ அது இலக்குக்கான வேட்பாளர். அமெரிக்காவின் பிராட் நிறுவனம் நூற்றுக்கணக்கான செல் வரிசைகளில் இதைச் செய்து யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது.

பட்டியல் கிடைப்பது சுலபமான பகுதி. அதில் பாதி, எந்தச் செல்லுக்கும் உயிர்நாடியான மரபணுக்கள். அவற்றைத் தாக்கினால் நோயாளியே தாங்கமாட்டார். மிச்சத்தில் மருந்து போய் உட்காரக் குழியே இல்லாத புரதங்கள் பல. செல் கட்டுமீறிப் பெருகாமல் காவல் காக்கும் பி-53 என்ற புரதம் இதற்கு நல்ல உதாரணம். ட்ரிப்பிள் நெகட்டிவ் கட்டிகளில் சுமார் 80 சதவீதத்தில் அது பழுது. காவல்காரன் வேலையைவிட்டுப் போன மாதிரி. இருப்பதைத் தடுக்க மருந்து செய்யலாம். போனவனைத் திரும்பக் கூட்டிவருவது வேறு வித்தை.

பார்ப் மருந்துகள் என்கிறார்களே, அவை என்ன?

ஆய்வக யோசனை ஒன்று நோயாளிவரை போய்ச் சேர்ந்ததற்கு எனக்குப் பிடித்த கதை இது.

டி.என்.ஏ. தினமும் உடைகிறது, செல் தினமும் ஒட்டுகிறது. ஆற்றைக் கடக்கப் பாலமும் உண்டு, பரிசலும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலம் பிராகா மரபணுக்கள் நடத்தும் பழுதுபார்ப்பு. பரிசல் பார்ப் என்ற நொதி. பிறவியிலேயே ஒரு பிராகா பிரதி பழுதான பெண்ணின் நல்ல செல்களில், இன்னொரு பிரதி பாலத்தைக் காப்பாற்றுகிறது. புற்றுசெல்லில் அதுவும் போய்விட்டது. அது பரிசலை மட்டும் நம்பி வாழ்கிறது. பரிசலை மூழ்கடித்தால்? நல்ல செல் பாலத்தில் போய்விடும், புற்றுசெல் நடு ஆற்றில் மாட்டிக்கொள்ளும்.

2005-ல் பிரிட்டனின் இரண்டு குழுக்கள், லண்டனில் ஆலன் ஆஷ்வொர்த் குழுவும் ஷெஃபீல்டில் தாமஸ் ஹெலடே குழுவும், இதை ஒரே இதழில் அடுத்தடுத்த கட்டுரைகளாகக் காட்டின. பிராகா-1 பழுதோடு பிறந்தவர்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோயில் பெரும்பகுதி ட்ரிப்பிள் நெகட்டிவ். அதனால் நம்பிக்கை எகிறியது. ஒலாபரிப் மாத்திரைக்கு மார்பகப் புற்றுநோயில் அமெரிக்க அனுமதி கிடைத்தது 2018 ஜனவரியில். ஆரம்பக் கட்ட நோயில், மற்ற சிகிச்சைகள் முடிந்தபின் ஒரு வருடம் இதைக் கொடுத்துப் பார்த்த ஒலிம்பியா சோதனையில் 1,836 பேர். மூன்று ஆண்டு கழித்து, நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஒலாபரிப் பிரிவில் 85.9 சதவீதம், மருந்தில்லாத வெறும் மாத்திரை பெற்றவர்களில் 77.1.

இடையில் ஒரு சறுக்கலும் உண்டு. இனிபரிப் என்ற 'பார்ப் மருந்து' சிறிய சோதனையில் பிரமாதமாகத் தெரிந்து, 2011-ல் பெரிய சோதனையில் கவிழ்ந்தது. பார்ப் யோசனையே தப்போ என்று பலர் கைகழுவப் பார்த்தார்கள். பிறகுதான் தெரிந்தது, இனிபரிப் பார்ப்பை ஒழுங்காகத் தடுக்கவே இல்லை. இலக்கு சரி, அம்பு போலி. நோயாளிகளுக்குக் கொடுக்கும்முன் ஆய்வகத்திலேயே பிடித்திருக்க வேண்டிய தவறு, என்னைக் கேட்டால்.

ட்ரோப்-2 மருந்து?

இங்கே யோசனை வேறு மாதிரி. ட்ரோப்-2 என்ற புரதம் பெரும்பாலான ட்ரிப்பிள் நெகட்டிவ் செல்களின் மேற்பரப்பில் ஏராளமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் அதைக் கவனித்தது நஞ்சுக்கொடி செல்களில். அதைத் தடுத்துப் பெரிய பயன் எதிர்பார்க்கவில்லை, விலாசமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஆன்டிபாடி தபால்காரர். அதன் முதுகில் ஏழெட்டு மூலக்கூறு கீமோ நஞ்சு. விலாசம் பார்த்து வீட்டுக்குள் போய் நஞ்சை இறக்கும். கொஞ்சம் பக்கத்து வீட்டுக்கும் கசியும். பக்கத்து வீட்டிலும் புற்றுசெல்தான் என்பதால் அந்தக் கசிவே லாபம்.

சசிடுசுமாப் கோவிடெக்கான் என்ற அந்த மருந்தை, ஏற்கெனவே பல மருந்துகள் கேட்காமல் போனவர்களிடம் அசென்ட் சோதனையில் பார்த்தார்கள். சராசரி ஆயுள் வழக்கமான கீமோவில் 6.7 மாதம், இதில் 12.1 மாதம். ஐந்தரை மாதந்தானா என்று கேட்கலாம். பல ஆண்டுகளாக ஒன்றும் அசையாத இடத்தில் அது பெரிய அசைவு. 2025-ல் வந்த முடிவுகளில், பிடி-எல்1 என்ற புரதம் (அடுத்த பதிலில் வருகிறது) உள்ள பரவிய நோயில் முதல் மருந்தாகவே இதை இம்யூனோதெரபியோடு சேர்த்துக் கொடுத்தபோது நோய் அடங்கியிருந்த காலம் 7.8 மாதத்திலிருந்து 11.2 மாதமாகக் கூடியது. வெள்ளை அணுக்கள் குறைவதும் வயிற்றுப்போக்கும் இதன் முக்கியத் தொல்லைகள்.

முதுகில் இருக்கும் நஞ்சின் பூர்வீகத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. அது கேம்ப்டோதெசின் என்ற தாவரப் பொருளின் வழிவந்தது. 1966-ல் மன்ரோ வால், மன்சுக் வாணி குழு அதைச் சீன மரம் ஒன்றில் கண்டுபிடித்தது. 1972-ல் அதே பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு சிறு மரத்திலும் இருப்பதாக அறிவித்தவர்கள் டி.ஆர். கோவிந்தாச்சாரியும் என். விஸ்வநாதனும். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அதற்குப் பிறகு அந்த மரத்தை வெட்டி வெட்டியே அழியும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது தனிக்கதை.

இம்யூனோதெரபி இதற்கு வேலை செய்யுமா?

சிலருக்கு. புற்றுசெல் பிடி-எல்1 என்ற புரதத்தை நீட்டி, காவலுக்கு வரும் டி-செல்லைத் 'தம்பி, நான் நம்ம ஆள்' என்று ஏமாற்றும். பெம்ப்ரோலிசுமாப் அந்தப் பேச்சை வெட்டிவிடும். ஆரம்பக் கட்டத்தில், அறுவைக்கு முன்னும் பின்னும் கீமோவோடு சேர்த்துக் கொடுத்த கீநோட்-522 சோதனையில் ஐந்து ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 86.6 சதவீதம், கீமோ மட்டும் பெற்றவர்களில் 81.7. இதே குடும்பத்து மருந்தான அடெசோலிசுமாப் 2019-ல் துரித அனுமதி பெற்று, அடுத்த சோதனை கைவிட்டதால் 2021-ல் அமெரிக்காவில் இந்தப் பயன்பாட்டிலிருந்து விலகிக்கொண்டது. காரணம் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. தைராய்டு போன்ற சுரப்பிகளை நிரந்தரமாகப் பாதிக்கலாம் என்பதையும் மருத்துவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

நன்றாகத் தொடங்கித் தோற்றவையும் உண்டா?

நிறைய. ஏ.கே.டி. என்ற புரதத்தைத் தடுக்கும் இபடாசெர்டிப், கபிவாசெர்டிப் இரண்டும் சிறிய சோதனைகளில் ஆசை காட்டிவிட்டுப் பெரிய சோதனைகளில் ட்ரிப்பிள் நெகட்டிவ்வில் தோற்றன. ஜெயித்த மருந்துகளிலிருந்தும் புற்றுசெல் தப்பிக்கிறது. பார்ப் மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தால் சில செல்கள் பிராகா மரபணுவில் இன்னொரு மாற்றம் செய்து பாலத்தைத் திரும்பக் கட்டிவிடுகின்றன. அதை அடைக்க ஏ.டி.ஆர்., பால்-தீட்டா போன்ற வேறு பழுதுபார்ப்பு நொதிகளைத் தடுக்கும் மருந்துகள் இப்போது சோதனையில் இருக்கின்றன.

மஞ்சளும் முள் சீத்தா இலையும் ஆய்வகத்தில் இந்தச் செல்லைக் கொல்கிறதாமே?

கொல்லும். குடுவைக்குள் பினாயில் ஊற்றினாலும் சாகும். எவ்வளவு செறிவில், நல்ல செல்லைவிட்டுவிட்டு, உடம்புக்குள் போய்ச் சேர்ந்து கொல்கிறதா என்பதுதான் கேள்வி. மஞ்சளின் குர்குமின் குடலைத் தாண்டி ரத்தத்தில் ஏறுவதே அரிது. 120-க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகளைப் பார்த்த 2017-ன் மதிப்பாய்வு ஒன்று, யாருக்கு எது கொடுத்தோம் என்று இரு தரப்புக்கும் தெரியாமல் முறையாக நடத்தியதில் ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்றது. ரசத்தில் மஞ்சள் போடுங்கள், அதில் சிக்கல் இல்லை. முள் சீத்தாவை மருந்தாகக் குடிக்க வேண்டாம். அதில் உள்ள அன்னோனாசின் நரம்புகளுக்கு நஞ்சு.

மூலிகைக்கு மட்டும் இந்தச் சந்தேகம் என்று நினைக்காதீர்கள். பெயர்பெற்ற இதழ்களில் வந்த புற்றுநோய் ஆய்வகக் கட்டுரைகளைத் திரும்பச் செய்துபார்க்கும் திட்டம் ஒன்று அமெரிக்காவில் நடந்தது. 53 கட்டுரைகளின் 193 பரிசோதனைகளை எடுத்தார்கள். விவரம் போதாமல், முதல் ஆய்வாளர்கள் ஒத்துழைக்காமல், 50-ஐத்தான் முடிக்க முடிந்தது. 2021-ல் வந்த முடிவுப்படி, விளைவின் அளவு முதலில் சொன்னதைவிடப் பொதுவாக 85 சதவீதம் சிறியது. எனவே 'ஆய்வகத்தில் சாதனை' என்ற தலைப்பைப் பார்த்தால் ஒன்று மட்டும் கேளுங்கள்: குடுவையா, எலியா, மனிதரா?

இந்தியாவில் என்ன நடக்கிறது?

மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் கார்போபிளாட்டின் சோதனையைத்தான் முதலில் சொல்வேன். பேட்டண்ட் எப்போதோ முடிந்த, மலிவான பழைய கீமோ மருந்து அது. 700-க்கும் மேற்பட்ட ட்ரிப்பிள் நெகட்டிவ் பெண்களிடம், அறுவைக்கு முன் வழக்கமான கீமோவோடு இதையும் சேர்த்துப் பார்த்தார்கள். 50 வயதும் அதற்குக் கீழுமான பெண்களில் ஆயுள் தெளிவாகக் கூடியது. 2022-ல் அமெரிக்காவின் சான் அன்டோனியோ மார்பகப் புற்றுநோய் மாநாட்டில் முடிவைச் சொன்னார்கள். புது மருந்துகளின் விலை லட்சங்களில் ஓடும் நாட்டில், பழைய மருந்தைச் சரியான ஆளுக்குக் கொடுக்கக் கற்றதும் கண்டுபிடிப்புதான்.

சென்னை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் இந்தியப் புற்றுநோய் மரபணுத் தரவுத் தொகுப்பு ஒன்றைத் திறந்தது. 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் ரத்தம், கட்டி இரண்டையும் படித்த தரவு. நாம் படிக்கும் மரபணுத் தரவுகள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்களுடையவை என்பதால் இதன் தேவை புரியும்.

வீட்டில் ஒருவருக்கு இந்த ரிப்போர்ட் வந்திருக்கிறது. மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்?

முதலில், பிராகா மரபணுப் பரிசோதனை. குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லை என்றாலும் கேளுங்கள். பழுது இருந்தால் ஒலாபரிப் வழி திறக்கும். அக்கா தங்கை, மகள்கள் தங்களையும் சோதித்துக்கொள்ளலாம். கீமோவை அறுவைக்கு முன் கொடுப்பதா பின் கொடுப்பதா, ஏன் என்றும் கேளுங்கள். நோய் பரவியிருந்தால் பிடி-எல்1 பார்த்தார்களா என்பது அடுத்தது. ஹெர்-2 '0' என்று இருக்கிறதா, '1+' என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரண்டும் நெகட்டிவ்தான், ஆனால் பரவிய நோயில் '1+' உள்ளவர்களுக்கு டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெக்கான் என்ற மருந்தை இப்போது கொடுக்க முடிகிறது. சோதனைகளில் சேர விருப்பம் என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் நம் நாட்டில் நடப்பவை இருக்கின்றன. தேடிப் பார்ப்பதற்குக் காசில்லை.

அப்புறம் ஒன்று. பயாப்ஸியில் எடுத்த சதையை மெழுகுக் கட்டியில் பதித்து லேபில் வைத்திருப்பார்கள். 'பிளாக்' என்று கேட்டால் தெரியும். மருத்துவமனை மாறும்போது பலர் ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நாளைக்குப் புதிதாக ஒரு இலக்கு வந்தால், அது இவருக்கு இருக்கிறதா என்று பார்க்க அந்தப் பிளாக்தான் வேண்டும். எங்கே இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.